காரணம்: பறவை

எங்கள் செக்ஷன் ஆபீசில் ஒரு தடித்த ரெஜிஸ்டர் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வந்தது, யார் போய்ச் சரி செய்தது என்று அதில் கன்னடத்தில் எழுத வேண்டும். கடைசிக் கட்டம், காரணம். அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினால் ஆபீசர் ஒத்துக்கொள்ள மாட்டார். தெரியாதவனுக்கு எதற்குச் சம்பளம் என்பார். அதனால் காரணம் தெரியாத போதெல்லாம் லைன்மேன்கள் எழுதுவது ஒரே வார்த்தை. பறவை.

பழைய பக்கங்களைப் புரட்டினால் பெங்களூரில் பறவைகளுக்கு வேறு வேலையே இல்லை என்று தோன்றும். கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் வெடித்தால் பறவை. ஜாயிண்ட் எரிந்தால் பறவை. ஒரு தடவை லாரி இடித்துக் கம்பம் சாய்ந்ததற்குக்கூடப் பறவை என்று எழுதியிருந்தது. அந்தப் பறவை எத்தனை டன் இருக்கும் என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் லைன்மேன். வீடு ஸ்ரீராம்புரம், வேலை பிரேசர் டவுன். இருபத்தாறு வருஷமாகக் கம்பம் ஏறுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், பொறுமை கொஞ்சம் குறைவு. இந்தப் பறவைப் பொய் எனக்குப் பிடிக்காது. காரணம் தெரியாமல் பியூஸ் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி போகும். இன்னொருத்தன் ஏற வேண்டும். அந்த இன்னொருத்தன் பெரும்பாலும் நான். என்னோடு ஜோடியாக வேலை பார்ப்பவன் கோலார் பக்கத்து ஆள், நல்லவன், சோம்பேறி. அவன்தான் பறவை எழுதுவதில் ராஜா. அவனோடு பத்து வருஷமாக இதற்கே சண்டை.

“இன்னா பறவைடா அது? பேரு சொல்லு,” என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

“பறவைன்னா பறவை மச்சான். காக்கா, கீக்கா.”

“செத்துக் கீழ விழுந்து கெடந்துச்சா?”

“நாய் தூக்கினு பூட்டிருக்கும்.”

நாய் பெயரும் கேட்டிருப்பேன். விட்டுவிட்டேன்.

கீழே நின்றபடியே பீங்கானில் விரிசல் தெரிகிறதா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கினேன். அதன் இடது லென்ஸில் பூஞ்சை. வலது லென்ஸ் நன்றாக இருந்தது. முதல் வாரம் பீங்கானைத்தான் பார்த்தேன். இரண்டாவது வாரம், பீங்கானுக்குப் பக்கத்தில் கம்பியில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்துவிட்டேன். கருநீல முதுகு, செங்கல் நிறத் தொண்டை, வால் இரண்டாகப் பிளந்து ஊசி மாதிரி. இருபது வருஷமாக அதே கம்பியில் அது உட்கார்ந்திருக்கிறது. நான் அதைக் கையை வீசித் துரத்திவிட்டு வேலை பார்த்திருக்கிறேன். அதற்குத் தகைவிலான் என்று பெயர் இருப்பதும், அது குளிருக்கு இங்கே வந்து பங்குனியில் கிளம்பிப் போவதும் அப்புறம்தான் தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

அதிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். வீட்டுக்காரி முதல் மாதம் சிரித்தாள், இரண்டாவது மாதம் திட்டினாள். மாடியில் நின்று நான் பைனாகுலரை வைத்தால் எதிர் வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். ஒரு நாள் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

“யோவ், என் பொண்டாட்டி துணி காயப் போடறா, நீ இன்னா பாத்துக்கினு கீற?”

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரி மாடிக்கு வந்துவிட்டாள். “அட போய்யா. என்னையே இருவது வருசமா நிமுந்து பாத்ததில்ல. உன் பொண்டாட்டியவா பாக்கப் போறாரு? அவருக்கு ரெக்க இருக்கணும்,” என்றாள். எதிர் வீட்டுக்காரன் உள்ளே போய்விட்டான். நானும்தான்.

பெங்களூரில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. எங்கேயோ ஏரிக்கரையில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துச் சேர்ந்தேன். போட்டோ வைக்கவில்லை. பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தேன். அங்கே எல்லோரும் இங்கிலீஷில் எழுதுவார்கள். நான் பறவை பெயர், இடம், எண்ணிக்கை மட்டும் போடுவேன். அதற்கு இங்கிலீஷ் அதிகம் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிரேசர் டவுனில் ஒரு குறுக்குத் தெரு. அதன் முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்தின் மூன்று கொம்புகள் எங்கள் கம்பிகளுக்கு மேலே நீண்டிருக்கின்றன. மாசி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது கம்பியில் புதிதாக ஒரு கூட்டம். மைனா அளவு, மைனா நடை. உடம்பு வெளுத்த ரோஜா நிறம், தலையும் இறக்கையும் வாலும் கறுப்பு. சோளக்குருவி. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தை இங்கே தீர்ப்பவை. திரும்பிப் போகிற நேரத்தில் அங்கங்கே கூட்டம் சேர்ந்து, ராத்திரிக்கு ஒரே மரத்தில் அடைந்து, சித்திரைக்கு முன்னும் பின்னுமாக வடக்கே கிளம்பிவிடும்.

அவை மரத்தில் அடைவதற்கு முன் அரை மணி நேரம் கம்பியில் உட்கார்ந்து சண்டை போடும். அது எனக்கு வசதி. கம்பி என் கம்பி. எங்கள் கம்பத்தின் குறுக்குச் சட்டம் நாலடி. அந்த நாலடி நீளத்துக்குக் கம்பியில் எட்டுக் குருவி உட்காருகிறது. கம்பத்துக்குக் கம்பம் நூறடி. ஆக, ஒரு கம்பி நிறைந்தால் இருநூறு. நாலு கம்பியும் நிறைந்தால் எண்ணூறு. முதல் நாள் ஒரு கம்பியில் பாதி. பத்தாவது நாள் ஒரு இடைவெளி முழுக்க நிறைந்து அடுத்த இடைவெளியில் பாதி. ஆயிரத்து இருநூறு. தினமும் எண்ணிக் குரூப்பில் போட்டேன். ‘இந்த மனிதர் யார், இவ்வளவு துல்லியமாக எப்படி எண்ணுகிறார்?’ என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டார். குறுக்குச் சட்டத்தைப் பற்றி இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஆயிரத்து இருநூறு குருவி ஒரு மரத்தில் அடைந்தால் அடியில் என்ன இருக்கும்? எச்சம். அடியில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருந்தன. அதில் ஒன்று அந்தத் தெரு சங்கத் தலைவருடையது. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் கம்ப்ளைண்ட் என்று வாழ்கிறவர். என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன மேன், மரம் உங்க லைனைத் தொடுது, நீங்க எல்லாம் தூங்கறீங்களா?”

“தொடல சார். நாலடி இருக்கு.”

“தொடுதுன்னு எழுதிக்க மேன். எழுதினா தொடும். வீட்ல பசங்க எக்ஸாமுக்குப் படிக்குது. ஆறு மணி ஆனா மார்க்கெட் மாதிரி கத்துது இந்த சனியன்.”

மறுநாள் செக்ஷன் ஆபீசருக்கு எழுதியே கொடுத்துவிட்டார். கொம்பு கம்பியில் உரசுகிறது, பொறி பறக்கிறது, குழந்தைகள் நடமாடும் இடம். ஆபீசர் கன்னடக்காரர், வயதில் என் தம்பி மாதிரி. என்னைக் கூப்பிட்டார். “ஏன்ரீ, மழைக்கு முன்னாடி எப்படியும் வெட்ட வேண்டியதுதானே? சனிக்கிழமை முடிச்சிடு,” என்று கன்னடத்தில் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நாங்கள் வெட்டுவதுதான். அந்த மூன்று கொம்புகளில்தான் குருவிகள் அடைகின்றன என்பது மட்டும்தான் சிக்கல். வெட்டினால் அவை வேறு மரம் தேடிக்கொள்ளும் என்று சொல்வீர்கள். தேடிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான மைல் போகப் போகிறவன் ஒரு மாதம் தின்று தூங்கிக் கொழுக்கிற இடத்தை நடுவில் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சித்திரை பிறந்து பத்து நாள் போனால் அவையே போய்விடும். எனக்கு வேண்டியது ஒரு மாதம். அதை ஆபீசரிடம் சொல்லியிருந்தால் ஆபீஸ் முழுக்க ஒரு வருஷம் சிரித்திருக்கும்.

“வெட்டலாம் சார். டிரான்ஸ்பார்மரை அணைக்கணும். நாலு மணி நேரம்,” என்றேன்.

“அணை.”

“பரீட்சை நேரம் சார். அந்த டிரான்ஸ்பார்மர்லதான் பக்கத்து ஐஸ்கூலும் இருக்கு. அது பரீட்சை சென்டர். ஹால்ல கேமரா ஓடுது.”

“பரீட்சை இல்லாத நாள்ல செய்.”

“அன்னைக்குப் பசங்க வீட்ல படிக்கும் சார். மூணு தெரு. போன வருஷம் அரை மணி நேரம் போனதுக்கே உங்க போனுக்கு எத்தனை கால் வந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் முகத்தில் போன வருஷம் வந்து போனது. பேனாவை மூடினார். “எஸ்.எஸ்.எல்.சி. முடிஞ்சதும் மறுநாள்,” என்றார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சங்கத் தலைவர் விடுகிற ஆளா? ‘ஒரு நாள், நாலு மணி நேரம், பொறுத்துக்கொள்ளுங்கள், மரத்தை வெட்டிவிடலாம்’ என்று தெரு வாட்ஸப்பில் போட்டார். நான் அன்றைக்கு அதே தெருவில் மீட்டர் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். அரை மணிக்குள் நாலு அம்மாக்கள் அவர் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அதுவரை குருவிச் சத்தத்தில் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை என்று அவரிடம் சொன்னவர்களும் இவர்கள்தான்.

“அங்கிள், நாலு மணி நேரம் பேன் இல்லாம இந்த வெயில்ல என் பையன் எப்படிப் படிப்பான்?” என்று ஒரு அம்மா ஆரம்பித்தார்.

“நீங்கதானேமா சத்தம் சத்தம்னு...”

“சத்தம் ஆறு மணிக்கு அரை மணி நேரம். ஜன்னலைச் சாத்திக்குவோம்.”

பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் இன்னும் நேராக வந்தார். “அங்கிள், உங்க வூட்டுல படிக்கிற புள்ள இல்ல. கார் இருக்கு. ஒரு கவர் வாங்கிப் போடுங்கோ. என் பொண்ணு மார்க்கு கம்மி ஆச்சுன்னா நீங்க தருவீங்களா?”

பேங்க் மேனேஜராக இருந்தவர். எத்தனையோ பேருக்கு லோன் இல்லை என்று சொல்லியிருப்பார். அந்த அம்மாக்கள் முன்னால் பின்வாங்கிக் கேட்டைச் சாத்திக்கொண்டார். நான் மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு திருகாணியை முடுக்கினேன். அந்தத் திருகாணியை நான் அவ்வளவு நேரம் முடுக்கியிருக்கத் தேவையில்லை.

இப்படியாகக் குருவிகளைக் கர்நாடகக் கல்வித்துறை காப்பாற்றியது. குரூப்பில் இருக்கிற யாருக்கும் இது தெரியாது. மரத்தை வெட்டப்போகும் செய்தி எப்படியோ எட்டி, அதைத் தடுக்க அவர்கள் மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம். ஆறு மணி. நானும் ஜோடியும் டீ குடித்துவிட்டு அந்தத் தெரு வழியாகப் போனோம். நான் எண்ணுவதற்காகப் போனேன், அவன் என் வண்டியில் வந்ததால் வந்தான். கம்பி நாலும் நிறைந்திருந்தது. ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். சங்கத் தலைவர் கேட்டுக்குள் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கையில் ஊதுபத்தி. காலடியில், யார் வீட்டுத் தீபாவளியிலோ மிஞ்சிய லட்சுமி வெடி.

வெடித்தது. ஆயிரம் குருவியும் ஒரே நொடியில் கம்பியை உதைத்துக்கொண்டு எழும்பின. உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று போனால் கம்பி என்ன செய்யும்? துள்ளும். அந்த இடத்துக் கம்பி கொஞ்சம் தொய்வு. ஒன்றோடொன்று இடித்தது. நீல நிறத்தில் ஒரு மின்னல், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று தெருவும் இருட்டு.

எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரலில் “ஐயோ!” என்று கேட்டது. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள்.

பதினைந்து நிமிஷத்தில் பியூஸ் மாற்றிக் கரண்ட் கொடுத்துவிட்டேன். அது பெரிய வேலையில்லை. பெரிய வேலை ரெஜிஸ்டர். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, என் இரண்டு கண்ணாலும் பார்த்த, சந்தேகமே இல்லாத, உண்மையான பறவை. பெயர் தெரியும், எண்ணிக்கை தெரியும், எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியும். அதை எழுதினால் மறுநாளே மரம் போகும். பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கரண்ட் வேண்டும் என்று சொல்லித்தான் தள்ளிப்போட்டேன். அதே பிள்ளைகளுக்காகவே வெட்டச் சொல்வார்கள். அம்மாக்களே அரிவாளோடு வருவார்கள்.

ஜோடி பேனாவைத் திறந்தான். “மச்சான், இந்த வாட்டி நெஜமாவே பறவை!” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் பேனாவைப் பிடுங்கி, ‘காற்று’ என்று எழுதினேன்.

அவன் என்னையே பார்த்தான். “காத்தா? எங்கடா காத்து? சட்ட பூரா நனைஞ்சு கெடக்குது.”

“காத்துன்னா காத்து.”

“பேரு சொல்லு,” என்றான். பத்து வருஷக் கடனை ஒரே வார்த்தையில் தீர்த்துக்கொண்டான். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் ஆபீசர் நேராகவே இடத்துக்கு வந்துவிட்டார். ரெஜிஸ்டரைப் படித்திருந்தார். “நேத்து காத்தே இல்லையேரீ,” என்றார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் சங்கத் தலைவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால், பக்கத்து வீட்டு வாசலில், பாய் சம்சாரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெடிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருந்தது. யார் வைத்த வெடி என்றுதான் தெருவில் இன்னும் முடிவாகவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“காத்துதான் சார்,” என்றார் தலைவர், ஆபீசரிடம், சத்தமாக, தெருவுக்கும் சேர்த்து. “பயங்கரக் காத்து. திடீர்னு வந்துச்சு, திடீர்னு போயிடுச்சு.”

“பட்டாசு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்களே?”

“அது காத்துல ஏதோ டின் உருண்டுச்சு.”

ஒரு கிறிஸ்தவரும் நானும் நடுத்தெருவில் நின்று கூட்டாகப் பொய் சாட்சி சொன்னோம். அவர் ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்த்துக்கொள்வார். எனக்கு அந்த வசதியும் இல்லை.

ஆனால் காற்று என்று எழுதியதில் ஒரு லாபம். காற்றில் கம்பி இடித்தால் அதற்கு மருந்து மரத்தை வெட்டுவது இல்லை. தொய்வை இழுத்துக் கட்டி, கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்புக் கட்டைகள் மாட்ட வேண்டும். இருபது நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாக்களிடம் அனுமதி வாங்கி, அணைத்துவிட்டு ஏறினேன்.

அந்த நேரம் பார்த்து வந்தது குரூப். பத்துப் பதினைந்து பேர். பீரங்கி மாதிரி லென்ஸ்கள், மரக்கலர் சட்டைகள், தொப்பிகள். நான் கம்பத்தின் மேல், இடுப்பில் கயிறு, கையில் கட்டிங் பிளேயர். என்னைப் பார்த்ததும் நாலு பேர் படம் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, மதராஸ் ஊர்க்காரர், கீழிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணா, ப்ளீஸ், மரத்தை வெட்டாதீங்கண்ணா.”

“மரம் அங்க கீது. நான் கம்பத்துல கீறேன்.”

“இல்லண்ணா, உங்களுக்குத் தெரியாது. இந்த மரத்துல இருக்கறது சாதாரண மைனா இல்ல. ரொம்ப தூரத்துலேர்ந்து வருது. கஜகஸ்தான், அந்தப் பக்கமெல்லாம்...”

“எங்க காட்டு, ஒண்ணு.”

எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். காலியாக இருந்தது.

“ஆறரைக்கே மேய்ச்சலுக்குப் பூடும்மா,” என்றேன். “நீங்க இட்லி தின்னுட்டு ஏழு மணிக்கு மேல வந்தா குருவி உக்காந்துனு இருக்குமா? சாயங்காலம் வாங்க. எழுநூறு இருக்குது. போன வாரம் ஆயிரத்து எரநூறு. கெளம்ப ஆரம்பிச்சிடுச்சு.”

தொப்பிக்காரர் ஒருவர் சிரித்தார். “நோ நோ, குறைஞ்சது அஞ்சாயிரம்.”

“அஞ்சாயிரத்துக்கு என்கிட்ட கம்பி இல்ல,” என்றேன்.

அந்த அம்மாவுக்கு எழுநூறு எங்கேயோ இடித்தது. போனை எடுத்துப் பார்த்தார். “நேத்து குரூப்ல எழுநூறுன்னுதான் வந்திருக்கு. பேர் இல்லாம, வெறும் புள்ளி வெச்சு ஒருத்தர் போடுவார்...”

“நான்தான் அது.”

அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். கம்பத்திலிருந்து இறங்கி, கையைத் துடைத்து, என் போனைத் திறந்து காட்டினேன். போன் கை மாறிக் கை மாறிப் போனது. பிறகு எல்லோரும் என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அன்று மதியம் குரூப்பில் இரண்டு படம் வந்தது. ஒன்று ‘நம்முடைய எளிய நண்பர்’ என்று செல்பி. இன்னொன்று, யாரோ முன்னாலேயே அனுப்பிவிட்டது, கம்பத்தின் மேல் நான், கீழே ‘மரத்தை அழிக்கும் மின் ஊழியர்’. இரண்டுக்கும் நிறைய லைக்.

பரீட்சை முடிந்தது. நான் எவ்வளவு கும்பிட்டும் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு பாடம்கூடக் கூட்டவில்லை. கடைசிப் பரீட்சை அன்று சாயங்காலம் ஒரு கம்பி நிறைந்து, அடுத்ததில் கொஞ்சம். இருநூற்று நாற்பது. நான் கணக்குப் போட்டபடி இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. ஆபீசர் போன் செய்தார். “நாளைக்குக் காலை. நானே வர்றேன்.”

சாக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. காலையில் அணைத்தோம். ஆபீசர் வந்தார், வந்ததிலிருந்து போனிலேயே இருந்தார். நான் ஏறினேன். மரத்தில் ஒரு குருவி இல்லை, மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கொம்பு முழுக்க வெள்ளை எச்சம், நடுவில் ஒரு ரோஜா நிற இறகு ஒட்டியிருந்தது. முதல் கொம்பை அறுத்தேன். இரண்டாவதையும் அறுத்தேன். மூன்றாவது மற்ற இரண்டையும்விட உயரத்தில் இருந்தது. அதில்தான் உள்பக்கம் நெருக்கமாக இலை. இருநூற்று நாற்பது பேருக்கு அது போதும். அறுக்காமல் இறங்கினேன்.

சங்கத் தலைவர் அண்ணாந்து பார்த்தார். “என்ன மேன், அது ஒண்ணு விட்டுட்ட?”

“அது கம்பிக்கு மேல ஆறடி இருக்கு சார். ரூல்ல வராது.”

“முழுசா எடுன்னுதானே எழுதிக் குடுத்தேன்? ஆபீசர்கிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லுங்க சார். அன்னைக்கு அடிச்ச காத்தைப் பத்தியும் சேத்துப் பேசிடலாம்.”

பாய் சம்சாரம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். ஆபீசர் போனை வைத்துவிட்டு, “ஆயிதா?” என்றார். ஆயிற்று என்றேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கே போய் நின்றேன். ஜோடியும் வந்தான், கூப்பிடாமலே. ஆறு மணிக்கு அவை வந்தன. கம்பியில் உட்காராமல் மரத்தைச் சுற்றின. ஒரு தடவை, இரண்டு தடவை. கிழக்கே போய் வீடுகளுக்குப் பின்னால் மறைந்தன. ஜோடி என்னைப் பார்க்காமல் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலையில் அறுத்த இரண்டு கொம்பின் வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பி வந்தன. கம்பியில் இறங்கி, வழக்கமான சண்டையைப் போட்டு, அரை மணி கழித்து அந்த மூன்றாவது கொம்புக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. மூட்டை மாதிரி அடைந்துகொண்டு, இடம் போதவில்லை என்று கத்தின.

“இதுக்கா காத்துன்னு எழுதின?” என்றான் ஜோடி.

“ஆமா.”

“லூசு,” என்றான். ஆனால் என் பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். “இடது பக்கம் ஒண்ணும் தெரியல.”

“வலது பக்கம் பாரு.”

எட்டு நாள் இருந்தன. நூற்றைம்பது, நூறு, நாற்பது. ஒன்பதாவது நாள் கம்பியில் ஒரு காக்கா மட்டும் இருந்தது. குரூப்பில் பூஜ்யம் என்று போட்டேன். மரத்தை வெட்டியதால் பறவைகள் ஓடிவிட்டன என்று தொப்பிக்காரர் எழுதினார். வெட்டியதால்தான் சனியன் ஒழிந்தது என்று சங்கத் தலைவர் தெரு வாட்ஸப்பில் எழுதியதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பேருக்கும் நான்தான் காரணம்.

மே மாதம் முதல் மழை நாலு மணிக்கு வந்தது. மழைக்கு முன்னால் நிஜமான காற்று. தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றித் தெரியாதவன் இல்லை நான். காய்ந்த கொம்பைவிடப் பச்சைக் கொம்புதான் சொல்லாமல் முறியும். இரண்டு பக்கமும் துணை இல்லாமல் தனியாக நின்ற அந்த மூன்றாவது கொம்பு முறிந்து, நாலு கம்பியையும் இழுத்துக்கொண்டு, ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு விழுந்தது. நல்லவேளை, தெருவில் ஆள் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பழி என்னுடையது. அதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டே கொம்பை அறுத்து எடுத்தோம், கம்பத்தை நிமிர்த்தினோம், கம்பி இழுத்தோம். சங்கத் தலைவர் குடையோடு வந்து நின்றார். “இது நிஜக் காத்து மேன்,” என்றார். குரலில் குத்தல் இல்லை, கொஞ்சம் வருத்தம் மாதிரிதான் இருந்தது. பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். குடித்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது.

ஆபீசுக்கு வந்து துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜோடி ரெஜிஸ்டரை எழுதிக்கொண்டிருந்தான். “கொம்பு முறிஞ்சதுன்னு எழுது, காத்துல,” என்றேன்.

“எழுதிட்டேன்,” என்றான்.

பார்த்தேன். பழக்க தோஷம். காரணம் என்ற கட்டத்தில், பறவை என்று எழுதியிருந்தது. அடிப்பதற்காகப் பேனாவை வாங்கினேன். அந்தக் கொம்பை நான் விட்டுவைத்தது யாருக்காக? பத்து வருஷத்தில் அவன் எழுதியதில் சரியாக எழுதியது அந்த ஒன்றுதான். அடிக்காமல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. ஒரு கொம்பை மட்டும் வெட்டாமல் விட்டதற்கு எழுத்து மூலம் காரணம் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள். ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதிக் கொடுத்தேன்.